ஹேண்ட்பால் மேனேஜர் விளையாட்டில் வீரர்களின் எனர்ஜி: பஞ்சமா, பங்கீடா?

தண்டையார்பேட்டையில் குடியிருந்து மணலியில் ஷிப்ட் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. அணியை நாமே நிர்வகித்து ஆட வைக்கும் ஆன்லைன் ஹேண்ட்பால் மேனேஜர் விளையாட்டில் அவரிடம் இரண்டு கோல்கீப்பர்கள் உட்பட 16 வீரர்கள் இருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு லீக் ஆட்டமும் ஒரு நட்பு ஆட்டமும் நடக்கின்றன. சீசன் தொடங்கிய மூன்றே வாரத்தில் முதல் ஏழு பேரின் எனர்ஜி, அதாவது 100-ஐ உச்சமாகக் கொண்ட உடல்தெம்பு எண், மளமளவென்று இறங்கிவிட்டது. அணியின் தூணான வலது பேக் (வலப்பக்கத்தில் பின்னிருந்து தாவி எறிபவர்) 97-இல் தொடங்கி இப்போது 61-இல் நிற்கிறார். பெஞ்சில் இருப்பவர்களோ 97, 98 என்று அப்படியே இருக்கிறார்கள். இடைவேளை வரை முன்னிலையில் இருக்கும் அணி கடைசிப் பதினைந்து நிமிடத்தில் கோட்டை விட்டுவிடுகிறது. இரண்டு வாரம் கழித்துக் கோப்பைக்கான வெளியேற்றுச் சுற்று வருகிறது. "பயிற்சியை நிறுத்தலாமா அண்ணா, பிசியோ வசதியை உயர்த்தலாமா, எல்லோரையும் 100-இல் வைத்திருக்க என்ன வழி?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, 100 என்ற எண்ணை இலக்காக வைத்துக்கொள்வதை முதலில் விட்டுவிடுங்கள். உங்கள் அணியில் எனர்ஜிக்குப் பஞ்சம் இல்லை. இருக்கும் எனர்ஜி ஏழு பேரிடம் மட்டும் செலவாகி, மற்ற ஒன்பது பேரிடம் வீணாகிக்கொண்டிருக்கிறது. இதை வெறும் வாயால் சொன்னால் நம்புவது கடினம் என்பதால் கீழே கணக்கோடு காட்டுகிறேன். அதற்கு முன், இந்தப் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்துவிடுவது நல்லது.

வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் கால்பந்து பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். கால்பந்தில் முதல் பதினொரு பேர்தான் அணி. மாற்று வீரர் என்பவர் கடைசி அரை மணி நேரத்துக்கு வருபவர். வெளியே போனவர் திரும்ப உள்ளே வர முடியாது. அந்தக் கண்ணோடு ஹேண்ட்பாலுக்குள் நுழைகிறவர்கள் முதல் ஏழு பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மற்றவர்களைக் காயத்துக்கான உதிரிபாகமாகவே பார்க்கிறார்கள். ஹேண்ட்பாலின் அமைப்பே வேறு. 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட களத்தில் பக்கத்துக்கு ஏழு பேர், அரை மணி நேரமாக இரண்டு பாதிகள். மாற்று வீரர்களை நடுவரிடம் அனுமதி கேட்காமல், ஆட்டத்தை நிறுத்தாமல், எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கலாம், ஏற்றலாம். தாக்குதலுக்கு ஒருவர், தடுப்புக்கு வேறொருவர் என்று பந்து கைமாறும்போதெல்லாம் ஆளை மாற்றிக்கொள்வது ஐரோப்பிய கிளப்புகளில் அன்றாட வழக்கம். 2016-இல் வந்த விதிமாற்றத்துக்குப் பிறகு கோல்கீப்பரையே வெளியே எடுத்துவிட்டு ஏழு பேரோடு தாக்கும் உத்தியும் பரவலாகிவிட்டது. களத்தில் மருத்துவ உதவி பெற்ற வீரர், விதிவிலக்கான சில சூழல்கள் தவிர, தன் அணியின் மூன்று தாக்குதல்கள் முடியும்வரை வெளியே இருக்க வேண்டும் என்ற விதியும் அதே ஆண்டில் வந்ததுதான். இத்தனையும் பெஞ்சில் ஆட்கள் ஆயத்தமாக இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்ட விதிகள்.

ஓடும் தூரத்தை மட்டும் பார்த்தால் ஹேண்ட்பால் வீரர் கால்பந்து வீரரைவிடக் குறைவாகவே ஓடுகிறார். முழு நேரமும் ஆடும் களவீரர் ஓர் ஆட்டத்தில் ஏறக்குறைய மூன்றரை முதல் நாலரை கிலோமீட்டர் கடக்கிறார். ஆனால் அந்தத் தூரத்துக்குள் எத்தனை திடீர் ஓட்டங்கள், எத்தனை தாவல்கள், எத்தனை முறை நின்று திரும்புதல், எத்தனை உடல் மோதல்கள் என்பதில்தான் களைப்பு அடங்கியிருக்கிறது. இரண்டாம் பாதியில் வேகமான ஓட்டங்கள் குறைந்துபோவது ஆய்வுகளில் பலமுறை பதிவான ஒன்று. இதில் இரண்டு வகைக் களைப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு வேக ஓட்டத்துக்குப் பிறகு வரும் மூச்சிரைப்பும் தசைச் சோர்வும் சில நிமிடங்கள் உட்கார்ந்தால் பெருமளவு தணிந்துவிடும். தசையில் சேமிப்பாக இருக்கும் கிளைகோஜன் தீர்ந்துபோனால் அது நிரம்ப, நல்ல சாப்பாட்டோடு ஏறக்குறைய ஒரு முழு நாள் தேவை. மோதலாலும் தாவலாலும் வரும் தசைவலி இரண்டு மூன்று நாள்வரை நீடிக்கும்.

நல்ல மேனேஜர் விளையாட்டுகள் இந்த இரண்டையும் தனித்தனியாகவே கணக்கில் வைக்கின்றன. வீரர் பட்டியலில் உங்களுக்குத் தெரியும் எனர்ஜி எண் இரண்டாம் வகை. நாள்கணக்கில் ஏறி இறங்குவது. ஆட்டத்துக்குள் நிமிடம் நிமிடமாக ஏறும் களைப்பு முதல் வகை. பல விளையாட்டுகளில் அது எண்ணாகக் காட்டப்படுவதே இல்லை, கடைசிக் கால்மணியில் எறிகள் தவறுவதில்தான் வெளிப்படும். உங்கள் அணி கடைசிப் பதினைந்து நிமிடத்தில் தோற்பதற்கு இரண்டும் சேர்ந்தே காரணம்: 61-இல் தொடங்கிய ஒருவரை 60 நிமிடமும் உட்காரவிடாமல் ஆட வைக்கிறீர்கள்.

பவர்பிளே மேனேஜர் போல ஐஸ் ஹாக்கி, கால்பந்து, கூடைப்பந்து ஆகியவற்றோடு ஹேண்ட்பாலையும் நடத்தும் தளங்களும் உண்டு, ஹேண்ட்பாலுக்காகவே எழுதப்பட்ட விளையாட்டுகளும் உண்டு. எண்கள் ஒவ்வொன்றிலும் வேறுபடும். எனவே கீழே வரும் எண்களை ஒரு மாதிரிக் கணக்காக எடுத்துக்கொண்டு, உங்கள் வீரர் பட்டியலில் ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் தெரியும் எண்களைக் குறித்து, உங்களுக்குரிய எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வீரர் 60 நிமிடமும் ஆடினால் 18 புள்ளி எனர்ஜி குறைகிறது, அதாவது நிமிடத்துக்கு 0.3, ஆடினாலும் ஆடாவிட்டாலும் ஒவ்வொரு நாள் இரவும் 6 புள்ளி ஏறுகிறது, ஆனால் 100-ஐத் தாண்டாது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரத்துக்கு வருமானம் 42. இரண்டு லீக் ஆட்டங்களையும் முழுக்க ஆடினால் செலவு 36. கையிருப்பு குறையவே குறையாது. மூன்றாவதாக நட்பு ஆட்டத்தையும் அதே வீரர் முழுக்க ஆடினால் செலவு 54 ஆகிவிடும். வாரம் 12 புள்ளி பள்ளம். மூன்று வாரத்தில் 36. உங்கள் வலது பேக் 97-இல் இருந்து 61-க்கு வந்தது ஏன் என்பதற்கு வேறு மர்மம் எதுவும் தேவையில்லை. பயிற்சியையோ வசதியையோ குறை சொல்லவும் இடமில்லை.

இப்போது இதையே நிமிடமாக மாற்றிப் பாருங்கள். வாரம் 42 புள்ளி வருமானம், நிமிடத்துக்கு 0.3 செலவு என்றால், ஒரு வீரர் தன் நிலை குறையாமல் வாரம் 140 நிமிடம் ஆடலாம். இதுதான் நீங்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டிய எண். 100 என்பது கூரை. 140 நிமிடம் என்பது சம்பளம். மூன்று ஆட்டங்களில் ஓர் இடத்துக்குத் தேவைப்படுவது 180 நிமிடம். அதில் 140-ஐ முதல் வீரரும் 40-ஐ இரண்டாம் வீரரும் ஆடினால், முதல் வீரர் எந்த எண்ணில் நிற்கிறாரோ அதே எண்ணில் காலமெல்லாம் நிற்பார்.

அணி முழுவதற்கும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். களத்தில் கோல்கீப்பர் தவிர ஆறு இடங்கள். வாரம் மூன்று ஆட்டத்துக்கு மொத்தம் 1080 நிமிடம். அதற்கான செலவு 324 புள்ளி. உங்களிடம் இருக்கும் 14 களவீரர்களின் வார வருமானம் 588 புள்ளி. தேவையைவிட வருமானம் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. ஆனாலும் ஆறு பேர் பள்ளத்தில் இருக்கிறார்கள், ஏனென்றால் மற்ற எட்டுப் பேரின் எண் கூரையைத் தொட்டுவிட்டதால் அவர்களுக்கு ஒவ்வொரு இரவும் வரும் 6 புள்ளி எங்கும் சேராமல் போகிறது. ஒரே ஆளுக்கு வாரம் முழுக்க டபுள் டூட்டி போட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் தற்காலிகத் தொழிலாளியைச் சும்மா உட்கார வைத்திருக்கும் சூப்பர்வைசரை மணலியில் நீங்களே பார்த்திருப்பீர்கள். பெஞ்சில் தெரியும் 98 அப்படிப்பட்ட எண்தான். பெஞ்சில் யாராவது மூன்று நாளுக்கு மேல் 100-ஐ ஒட்டியே நின்றால், அது மேனேஜரின் தவறு என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

உங்கள் வலது பேக்கையும் இந்தக் கணக்கிலேயே சரிசெய்துவிடலாம். கோப்பை ஆட்டத்துக்கு இன்னும் 14 நாள், வருமானம் 84. 61-ஓடு கூட்டினால் 145. கோப்பைக்குப் போகும்போது 97-இல் இருந்தால் போதும் என்றால், இடையில் 48 புள்ளி செலவழிக்கலாம். அதாவது 160 நிமிடம். நடுவில் நான்கு லீக் ஆட்டங்கள் இருப்பதால் ஆட்டத்துக்கு 40 நிமிடம். நட்பு ஆட்டங்களில் அறவே வேண்டாம். ஆகவே, பலர் செய்வதுபோல ஒரு வாரம் முழுக்க அவரை உட்கார வைத்து, இரண்டு லீக் ஆட்டங்களை அவரில்லாமல் தோற்று, அதன்பிறகு அவர் 100-ஐ முட்டியதும் பழையபடி முழுநேரம் ஆட விடுவது தேவையற்றது. ஒவ்வொரு ஆட்டத்திலும் 20 நிமிடத்தை மாற்று வீரருக்குக் கொடுத்தால் இரண்டும் நடக்கும்.

நாளுக்கு இத்தனை புள்ளி என்று நிலையாக ஏறாமல், 100-க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் ஒரு பங்கு ஏறும் விளையாட்டுகளும் உண்டு. அங்கே கணக்கு வேறு மாதிரி நடந்துகொள்ளும். குறையில் கால்பங்கு ஒரு நாளில் ஈடாகிறது, முழு ஆட்டத்துக்குச் செலவு 18 என்று கொள்வோம். மூன்று நாளுக்கு ஓர் ஆட்டம் ஆடும் வீரர் சில வாரங்களில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஏறக்குறைய 87 எனர்ஜியோடு களமிறங்கும் நிலையை அடைந்து அங்கேயே நின்றுவிடுவார். இரண்டு நாளுக்கு ஓர் ஆட்டம் ஆடுபவர் 77-இல் நின்றுவிடுவார். எவ்வளவு ஆட வைத்தாலும் பாதாளத்துக்குப் போவதில்லை, ஆனால் முழு நிலைக்கும் வருவதில்லை. இங்கே ஓய்வின் மதிப்பு போகப் போகக் குறையும் என்பதைக் கவனியுங்கள்: இரண்டு நாளுக்கு ஒருமுறை ஆடி 77-ஓடு களமிறங்கிக்கொண்டிருந்தவருக்கு ஓர் ஆட்டம் ஓய்வு கொடுத்தால் அடுத்த ஆட்டத்துக்கு 87-ஆக வருவார், இரண்டு ஆட்டம் ஓய்வு கொடுத்தால் 93 அளவுக்குத்தான் வருவார். முதல் ஓய்வில் பத்துப் புள்ளி, இரண்டாவதில் ஆறு. எனவே இந்த வகை விளையாட்டில் ஒருவரை நீண்ட நாள் உட்கார வைப்பதைவிட, பலருக்கும் ஒவ்வோர் ஆட்டமாகச் சுற்றுமுறையில் ஓய்வு தருவதே லாபம்.

உங்கள் விளையாட்டு எந்த வகை என்று கண்டுபிடிப்பது எளிது. 98-இல் இருக்கும் ஒருவரும் 61-இல் இருக்கும் ஒருவரும் ஆட்டமில்லாத ஒரு நாளில் எவ்வளவு ஏறுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கூரை குறுக்கிடாதபடி 85 அளவில் ஒருவரையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது; 61-உம் 85-உம் ஒரே அளவு ஏறினால் நிலையான வகை, 61 அதிகமாக ஏறினால் பங்கு வகை. வயதும் உடல்திறனும் ஏற்றத்தைப் பாதிக்கும் விளையாட்டுகளில் ஒத்த வயதுள்ளவர்களை ஒப்பிட வேண்டும்; முப்பதைத் தாண்டியவரையும் இருபது வயதுக்காரரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விடை குழம்பும்.

அடுத்த கேள்வி, எனர்ஜி குறைந்தால் திறமை எவ்வளவு குறைகிறது என்பது. இதைத் தெரிந்துகொள்ளாமல் யாரை ஆட வைப்பது என்று முடிவு செய்யவே முடியாது. உங்கள் வலது பேக்கின் மொத்தத் திறன் 200 என்றும் மாற்று வீரரின் திறன் 165 என்றும் வைத்துக்கொள்வோம். எனர்ஜி அப்படியே பெருக்கப்படும் விளையாட்டு என்றால் 61-இல் இருக்கும் நட்சத்திரத்தின் மதிப்பு 122. 98-இல் இருக்கும் மாற்று வீரரின் மதிப்பு ஏறக்குறைய 162. அங்கே நட்சத்திரத்தைக் களத்தில் இறக்குவது அறிவீனம். எனர்ஜி இழப்பில் பாதி மட்டுமே திறனைப் பாதிக்கும் என்றால் நட்சத்திரம் 161, மாற்று வீரர் 163. யார் ஆடினாலும் ஒன்றே, ஆகவே நட்சத்திரத்தைச் சேமிப்பதே சரி. கால்பங்கு மட்டுமே பாதிக்கும் என்றால் நட்சத்திரம் 180, மாற்று வீரர் 164. இங்கே 61-இல்கூட அவரை ஆட வைக்கலாம். ஒரே அணி, ஒரே இருவர், மூன்று வெவ்வேறு தீர்ப்புகள். அடுத்தவருடைய விளையாட்டில் பலித்த யோசனை உங்களிடம் பலிக்காமல் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

அணி அமைக்கும் பக்கத்தில் அணியின் பலத்தை எண்ணாகவோ நட்சத்திரக் குறியாகவோ காட்டும் விளையாட்டுகளில் இதை அளப்பதற்கு ஆட்டமே ஆடத் தேவையில்லை. ஒரே திறன் கொண்ட, ஆனால் எனர்ஜி வேறுபட்ட இருவரை ஒரே இடத்தில் மாற்றி மாற்றிப் போட்டு, அணியின் பலம் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். அப்படிக் காட்டாத விளையாட்டில் நட்பு ஆட்டங்களில் கிடைக்கும் வீரர் மதிப்பெண்ணை எனர்ஜியோடு சேர்த்து ஓர் எக்செல் தாளில் எழுதி வர வேண்டும். ஆட்ட முடிவை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். இரு அணிகளும் சேர்ந்து ஐம்பது அறுபது கோல்கள் விழும் விளையாட்டில் இரண்டு மூன்று கோல் வித்தியாசம் சூதாட்டக் காய் விழுவதைப் போன்றதுதான், அதிலிருந்து எனர்ஜியின் பங்கைப் பிரித்தெடுக்க முடியாது.

இடவாரியான வேறுபாட்டுக்கு வருவோம். இங்கேதான் நிஜமான ஹேண்ட்பாலைத் தெரிந்தவருக்குக் கொஞ்சம் மேல்கை கிடைக்கிறது. நம் பள்ளிகளின் மண் களத்தில் ஆடியவர்கள் எவரும் விங்கில் (களத்தின் ஓரத்தில்) ஆடுவதும் பிவட்டாக ஆடுவதும் ஒரே வேலை என்று சொல்லமாட்டார்கள். விங் வீரர் பந்து கிடைத்த நொடியில் எதிரணிக் கோலை நோக்கிப் பாய்கிறார், பந்து போனால் அதே வேகத்தில் திரும்புகிறார்; தூரமும் வேகமும் அவருடையது. பிவட் அதிகம் ஓடுவதில்லை, ஆனால் ஆறு மீட்டர் கோட்டில் இரண்டு தடுப்பாளர்களுக்கு நடுவே ஆட்டம் முழுவதும் மல்லுக்கட்டுகிறார். பேக் வீரர்கள் ஒன்பது மீட்டருக்கு வெளியிலிருந்து தாவி எறிகிறார்கள். தோளும் முழங்காலும் தேய்கின்றன. சென்டர் பேக் மூளையால் ஆடுபவர். களைத்த சென்டர் பேக் எறியும் கோல்கள் குறைவதற்கு முன்பே, அவர் கொடுக்கும் பாஸ்கள் தவறத் தொடங்கிவிடும். கோல்கீப்பருக்கு ஓட்டம் மிகக் குறைவு என்பதால் பல விளையாட்டுகளில் அவருடைய எனர்ஜிச் செலவும் குறைவு. முதல் கோல்கீப்பரை லீக்கிலும் கோப்பையிலும் முழுநேரம் நிறுத்தலாம், இரண்டாமவருக்கு நட்பு ஆட்டங்களைக் கொடுத்தால் போதும்.

தாக்குதலுக்கும் தடுப்புக்கும் தனித்தனி ஆட்களைக் குறிக்க விடும் விளையாட்டு என்றால், உங்கள் வேலை பாதியாகக் குறையும். ஆறு பேரும் ஆறு மீட்டர் கோட்டை ஒட்டி ஒரே வரிசையாக நிற்கும் 6-0 தடுப்பில் நடுவில் நிற்கும் இருவருக்கு உயரமும் உடல்வலுவும் வேண்டும், எறியும் திறன் பெரிதாக வேண்டியதில்லை. உங்கள் சென்டர் பேக்கையும் வலது பேக்கையும் தாக்குதலில் மட்டும் வைத்து, தடுப்பின்போது அவர்களுக்குப் பதிலாகத் தடுப்பில் கெட்டியான இருவரை இறக்கினால், ஆடும் நேரம் ஏறக்குறையப் பாதியாகிறது. 140 நிமிடக் கணக்கில் பார்த்தால் இருவரும் வாரம் மூன்று ஆட்டங்களிலும் தாக்குதலில் முழுக்க ஆடி, அப்போதும் மிச்சம் வைப்பார்கள். பெஞ்சில் 98-இல் உட்கார்ந்திருக்கும் எறியத் தெரியாத முரட்டு வீரர்களுக்கும் வேலை கிடைக்கும். 3-2-1 போன்ற முன்னேறி மறிக்கும் தடுப்பு அதிகம் ஓட வைக்கும் என்பதால், அதற்கு எனர்ஜிச் செலவைக் கூட்டும் விளையாட்டுகளில் அதைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

வலது பக்கத்தைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. வலது பேக், வலது விங் ஆகிய இரண்டு இடங்களுக்கும் இடக்கை வீரர்களே பொருத்தமானவர்கள், ஏனென்றால் அந்தப் பக்கத்திலிருந்து கோலுக்கான கோணம் அவர்களுக்குத்தான் திறக்கிறது. கையின் பக்கத்தைக் கணக்கில் கொள்ளும் விளையாட்டுகளில் இடக்கை வீரர்கள் சந்தையில் அரிது, விலையும் அதிகம். எனவே எல்லோரும் ஒருவரை மட்டும் வாங்கி அவரையே பிழிந்தெடுக்கிறார்கள். உங்கள் அணியில் முதலில் சரிந்தவர் வலது பேக் என்பது தற்செயல் அல்ல. கையில் பணம் இருந்தால், இன்னொரு நட்சத்திரத்தை வாங்குவதற்கு முன், வாரம் நாற்பது ஐம்பது நிமிடம் தாங்கக்கூடிய சுமாரான இடக்கைக்காரர் ஒருவரை வாங்குங்கள்.

ஆட்டத்தின் தீவிரத்தைக் குறைவு, இயல்பு, அதிகம் என்று தேர்ந்தெடுக்கும் வசதி உங்களிடம் இருந்தால், அதை எங்கே பயன்படுத்துவது என்பதில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. தீவிரத்தைக் கூட்டினால் அணியின் பலம் சிறிதளவு கூடும், எனர்ஜிச் செலவு அதைவிட அதிகமாகக் கூடும். அந்தச் சிறிதளவு பலம் முடிவை மாற்றக்கூடியது, இரண்டு அணிகளும் ஏறக்குறைய சமபலத்தில் இருக்கும்போது மட்டுமே. பலரும் செய்வது இதற்கு நேர்மாறு: பட்டியலில் முதலிடத்தில் இருப்பவரைக் கண்டதும் ரோஷம் வந்து அதிகத் தீவிரத்தை வைத்து, பத்துக் கோலில் தோற்க வேண்டிய ஆட்டத்தை ஏழு கோலில் தோற்று, அடுத்த வாரம் வெல்ல வேண்டிய ஆட்டத்துக்குக் களைத்த அணியோடு போகிறார்கள். தோற்பது உறுதி என்று தெரியும் ஆட்டத்தைக் குறைந்த தீவிரத்தில் இரண்டாம் அணியோடு ஆடிவிடுவதில் மானக்கேடு ஒன்றும் இல்லை. கடைசி இடத்து அணியோடு ஆடும்போதும் அதேதான். உங்கள் அணியைவிடச் சற்றே மேலாகவோ சற்றே கீழாகவோ இருக்கும் நான்கைந்து அணிகளோடு வரும் ஆட்டங்களை அட்டவணையில் இப்போதே குறித்துவையுங்கள். சீசனின் எனர்ஜி அங்கேதான் செலவாக வேண்டும்.

நிஜ ஹேண்ட்பாலிலும் இதே நெருக்கடிதான் என்பதை ஐரோப்பிய அட்டவணையைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான பன்டஸ்லிகாவில் 18 அணிகள், ஆகவே ஒவ்வோர் அணிக்கும் 34 லீக் ஆட்டங்கள்; அதன்மேல் உள்நாட்டுக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை; நடுவே ஆண்டுதோறும் ஜனவரியில் ஆண்களுக்கான உலக சாம்பியன்ஷிப் அல்லது ஐரோப்பிய சாம்பியன்ஷிப். 2024 ஜனவரி 10 முதல் 28 வரை நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் இறுதிக்கு வந்த பிரான்ஸும் டென்மார்க்கும் 19 நாள்களுக்குள் ஆளுக்கு 9 ஆட்டங்கள் ஆடின. இறுதி ஆட்டம் கூடுதல் நேரம்வரை போய் பிரான்ஸ் வென்றது. இரண்டு நாளுக்கு ஓர் ஆட்டம் என்ற அந்த வேகத்தை ஏழு பேரை வைத்துத் தாங்க எந்தப் பயிற்சியாளராலும் முடியாது.

நட்பு ஆட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவற்றால் நுழைவுச்சீட்டு வருமானமும் இளையவர்களுக்கு அனுபவமும் கிடைக்கும் விளையாட்டுகளில் அவை தேவைதான். அவற்றில் முதல் ஏழு பேரின் பெயர் இருக்கக் கூடாது, அவ்வளவே. இந்த ஒரு மாற்றத்தாலேயே உங்கள் பள்ளத்தின் பெரும்பகுதி மூடிவிடும்.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஷிப்ட் வேலையில் இருப்பவருக்கு இது முக்கியம். இத்தகைய விளையாட்டுகளில் பல, மத்திய ஐரோப்பிய நேரப்படி இயங்குகின்றன. குளிர்காலத்தில் நாம் அவர்களைவிட நாலரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம், கோடையில் மூன்றரை மணி நேரம். அங்கே மாலை ஆறு மணி ஆட்டம் என்றால் நமக்குக் குளிர்காலத்தில் இரவு பத்தரை, கோடையில் ஒன்பதரை. மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை முன்னால் தள்ளும்போது உங்கள் கெடு ஒரு மணி நேரம் முன்னதாக வந்துவிடும். அன்றுதான் இங்கே பலர் பழைய அணியையே அனுப்பிவிட்டு மறுநாள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். அக்டோபரின் கடைசி ஞாயிறு நமக்குச் சாதகமானது. எனர்ஜி ஏறும் தினசரிக் கணக்கீடு அவர்களுடைய பின்னிரவிலோ விடியற்காலையிலோ நடந்தால், நமக்கு அது காலைப் பொழுது. அதற்கு முன் எண்ணைப் பார்த்து அணி அமைத்தால் ஒரு நாள் பழைய எண்ணை வைத்து முடிவெடுத்தவராவீர்கள். சி ஷிப்ட் (இரவு வேலை) வாரங்களில், வேலைக்குக் கிளம்பும் முன்பே அடுத்த இரண்டு ஆட்டங்களுக்கான அணியையும் மாற்று வீரர் இறங்கும் நிமிடத்தையும் பதிந்துவிடுங்கள்.

பயிற்சியைப் பற்றிக் கேட்டீர்கள், நிறுத்தாதீர்கள். பெரும்பாலான விளையாட்டுகளில் திறமைப் பயிற்சியும் எனர்ஜியும் தனித்தனிக் கணக்குகள். பயிற்சியின் தீவிரம் எனர்ஜியைக் குடிக்கும் விளையாட்டு என்றால், கோப்பை ஆட்டத்துக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் குறைத்தால் போதும்.

பிசியோ அல்லது ஓய்வு வசதியை உயர்த்துவது வேறு வகைக் கேள்வி. நம் மாதிரிக் கணக்கில் அதனால் தினசரி ஏற்றம் 6-இல் இருந்து 7 ஆகிறது என்று கொண்டால், 14 களவீரர்களுக்கும் சேர்த்து வாரம் 98 புள்ளி கூடுகிறது. கேட்பதற்குப் பெரிய தொகை. ஆனால் அதில் எட்டுப் பேரின் பங்கு ஏற்கெனவே கூரையில் முட்டி வீணாகிக்கொண்டிருப்பதால், உண்மையில் பயன்படுவது மற்ற ஆறு பேருக்கான 42 புள்ளி மட்டுமே. பங்கீட்டைச் சரிசெய்த பிறகும் எல்லோரும் எண்பதுகளிலேயே நின்றால் அப்போது அந்த வசதியைக் கட்டுங்கள். இப்போது கட்டினால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

சீசனின் கடைசி இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும் மேலே சொன்ன 140 நிமிட வரம்பைத் தளர்த்தலாம். சீசன்களுக்கு இடையில் இடைவெளி விடும் விளையாட்டுகளில் அந்த நாள்களிலேயே எல்லோரும் நிரம்பிவிடுவார்கள். ஆகவே கடைசி ஆட்டத்தின் முடிவில் 90-இல் நிற்கும் முதல் அணி என்பது பயன்படுத்தாமல் விட்ட கையிருப்பு. மேலே ஏறவோ கீழே இறங்காமல் தப்பவோ போராடும் அணி, கடைசி ஐந்தாறு ஆட்டங்கள் வாரம் மூன்றாக வந்தாலும் வாரம் 12 புள்ளி பள்ளத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டு முதல் ஏழு பேரை முழுநேரம் ஆட வைக்கலாம். 95-இல் தொடங்கினால் முடியும்போது எழுபதுகளில்தான் நிற்பார்கள். உங்கள் இடம் அதற்கு முன்பே உறுதியாகிவிட்டால் மறுபக்கம் திரும்புங்கள்: கடைசிச் சுற்றுகளில் இளையவர்களை முழு ஆட்டம் ஆட வைத்து, 60 நிமிடத்துக்கு யாருக்கு எவ்வளவு எனர்ஜி குறைகிறது என்று குறித்துவையுங்கள். அடுத்த சீசனில் இந்தப் பதிலில் உள்ள 18, 6 ஆகிய மாதிரி எண்களுக்குப் பதிலாக உங்கள் விளையாட்டின் சொந்த எண்கள் முதல் நாளே கையில் இருக்கும்.